முன்பாரம்

— நின்னுடுச்சா மச்சான்?

— நின்னுடுச்சு மாப்ள.

— துறையில கிளம்பும்போதே சொன்னேன், சத்தம் சரியில்லன்னு. ஒண்ணுமில்ல, சின்ன விஷயம். நகருங்க, நான் பாக்கறேன்.

— நீங்க கண்ணாடிக் கடையில மூக்குக் கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்கறவர். இது படகு மோட்டார்.

— ஸ்க்ரூ எங்க இருந்தாலும் ஸ்க்ரூதான். இது டூ ஸ்ட்ரோக்தானே? பழைய ஸ்கூட்டர் எத்தனையைப் பிரிச்சிருக்கேன் தெரியுமா?

— பிரிச்சது தெரியும். எத்தனையைத் திரும்ப மாட்டினீங்க?

— உங்க தங்கச்சி மாதிரியே பேசறீங்க.

— கூடப் பொறந்தவன் வேற எப்படிப் பேசுவான். சரி, பாருங்க. எழுந்து நிக்காதீங்க, படகு ஆடும். அந்தப் பையை முதல்ல எங்கயாவது வைங்க.

— முன்னாடி இந்தத் தார்ப்பாய் மேல வெச்சுடறேன்.

— மெதுவா, மெதுவா. அதுக்குள்ள உடையற சாமான் இருக்கு.

— என்ன சாமான்?

— வீட்டுச் சாமான். சேதாரம் இல்லாம கொண்டுபோய்ச் சேக்கணும்.

— அதான் விஷயமே. முன்பாரம் அதிகம் மச்சான். படகோட மூக்கு எப்படி அமுங்கிக் கிடக்கு பாருங்க. மோட்டார் இதைத் தள்ள முடியாமத் திணறுது.

— அவ்வளவு பாரமாவா தெரியுது? எத்தனை கிலோ இருக்கும்?

— கண்ணால பாத்தே சொல்லுவேன். எழுபதைத் தாண்டும்.

— அது சரி. எழுபதுன்னு நீங்கதான் சொன்னீங்க, நான் சொல்லல.

— எதுக்குச் சிரிக்கிறீங்க?

— சும்மாதான். வேலையைப் பாருங்க.

— அந்த பிளக் ஸ்பானரைக் குடுங்க. நெருப்பு, பெட்ரோல், காத்து. இந்த மூணுல ஒண்ணு வரலன்னா எந்த மோட்டாரும் நிக்கும். அவ்வளவுதான் சாஸ்திரமே. இதோ, பிளக் வந்துடுச்சு.

— எப்படி இருக்கு?

— எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு.

— காஞ்சிருந்தா என்ன அர்த்தம் மாப்ள?

— நல்ல சூடு. ஈரமெல்லாம் ஆவியாப் போயிருக்கு.

— பெட்ரோல் வந்து சேரலன்னும் இருக்கலாம்.

— டேங்க்தான் பாதிக்கு மேல இருக்கே. வராம எங்க போகும்?

— குழாய் நடுவுல அமுக்கற ரப்பர் பந்து இருக்கு பாருங்க. அது எப்படி இருக்கு?

— ரெண்டு பக்கமும் ஒட்டிச் சப்பையா இருக்கு. பந்து பழசு மச்சான்.

— எது கெட்டாலும் உங்க வாயில பழசுன்னுதான் வருது. எனக்கென்னவோ வேற சந்தேகம். டேங்க் மூடி மேல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், உள்ள காத்து போறதுக்கு. அதை மூடி வெச்சுட்டா பெட்ரோல் வெளிய வராது. அஞ்சு நிமிஷம் நல்லா ஓடிட்டு, அப்புறம் நின்னுடும்.

— போங்க மச்சான். அது கத்துக்குட்டி பண்ற தப்பு. இருபது வருஷமா இந்தத் தண்ணியில ஓட்டறீங்க, நீங்க அதைப் போய் மறப்பீங்களா? டேங்க் உங்க காலடியிலதான் இருக்கு.

— காலடியிலதான் இருக்கு.

— அப்புறம் என்ன. பிளக்கைத் தேய்ச்சு மாட்டறேன். பேப்பர் இருந்தாக் குடுங்க, உப்புத்தாள். ம். மச்சான், ஒண்ணு கேக்கவா? உங்க வீட்டுக்கு அவளைக் கூப்பிடத்தானே வர்றேன், உங்க தங்கச்சி ரொம்பக் கோபமா இருக்காளா?

— பதினோரு நாளா எங்க வீட்டுல இருக்கா. நான் எதுவும் கேக்கல. என் பொண்டாட்டிதான் கேட்டா. அதுக்கு ரெண்டே வார்த்தைதான் பதில். தையல் மெஷின்.

— அவ்வளவுதான் சொன்னாளா?

— அவ்வளவுதான். மெஷினுக்கு என்ன ஆச்சு மாப்ள?

— அது ஒண்ணுமில்ல, சின்ன விஷயம். அவதான் கெடுத்துட்டா. நூல் கோக்கறதுல அவசரம், மிதிக்கறதுல அவசரம்.

— கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எனக்கு இந்தக் காது மந்தம்.

— அவதான் கெடுத்தான்னு சொன்னேன்.

— இப்ப நல்லாக் கேட்டுச்சு. கயிறை இழுங்க.

— கிளம்பலையே.

— இன்னும் ரெண்டு தடவை இழுங்க. இருங்க, அது என்ன, நீங்க இழுக்கும்போதெல்லாம் உங்க சட்டைப் பாக்கெட்டுல கிலுகிலுன்னு சத்தம்?

— கண்ணாடிக் கூடு.

— கண்ணாடி மூக்கு மேல இருக்கே. கூட்டுக்குள்ள என்ன?

— ஒண்ணுமில்ல. கடைச் சாமான்.

— அது சரி. வேற என்ன குறை என் தங்கச்சி மேல? மனசுல வெச்சுக்காதீங்க, இங்க யாரு இருக்கா கேக்கறதுக்கு.

— குறைன்னு இல்ல. எதையும் நேராச் சொல்ல மாட்டா. தட்டை வைக்கிற சத்தத்துலதான் கோபத்தைக் கண்டுபிடிக்கணும். நம்ம பேசிட்டிருக்கும்போதே எழுந்து போயிடுவா. அப்புறம் குறட்டை.

— குறட்டையா?

— லேசா. அந்தக் குறட்டை இல்லாம பதினோரு நாளா எனக்குத் தூக்கம் வரல, அது வேற விஷயம்.

— இதை நெஜமா சொல்றீங்களா?

— பின்ன என்ன. வீடு என்னவோ கடை அடைச்ச மாதிரி இருக்கு. பால் பொங்கி வழிஞ்சா துடைக்கறேன், மறுபடி பொங்குது, மறுபடி துடைக்கறேன். அவ ஒரு கையால அடுப்பை அணைச்சிட்டு இன்னொரு கையால பட்டன் தைப்பா.

— இப்ப இழுங்க மாப்ள. அந்தப் பந்தையும் நாலு தடவை அமுக்கிட்டு இழுங்க.

— பாத்தீங்களா, பாத்தீங்களா! ஒரே இழுப்பு. சொன்னேன்ல, பிளக்தான்னு.

— உங்க கைராசி. உக்காருங்க.

— தண்ணியும் பின்னால நல்லாப் பீச்சுது, புகையும் அளவா இருக்கு. ஆயில் கலவை கச்சிதம். இந்த மோட்டாருக்கு என்னை மாதிரி ஒரு ஆளு கூட இருந்தாப் போதும்.

— அந்த மெஷினையும் இப்படித்தான் பிளக்கைத் தேய்ச்சுச் சரி பண்ணினீங்களா?

— என்ன சொன்னீங்க? இரைச்சல்ல கேக்கல.

— தையல் மெஷினை நீங்க தொட்டீங்களான்னு கேட்டேன்.

— தொடவே இல்ல மச்சான். அது உங்க அம்மா குடுத்த பழைய மெஷின். தேஞ்சு போயிருந்துச்சு. பழசு, அவ்வளவுதான்.

— சரி, சரி. முதல்ல அவ கெடுத்தா, இப்ப தானாத் தேஞ்சு போச்சு. கரை சேர்றதுக்குள்ள வேற யாரு கெடுத்தாங்கன்னு வருதோ. பேசாம வாங்க.

— மச்சான், சத்தம் குறையுது.

— குறையுது.

— மறுபடி நின்னுடுச்சே. இது என்ன மோட்டாரா, மாமியாரா? நல்லா ஓடிட்டிருக்கும்போதே மூஞ்சியைத் திருப்பிக்குது.

— இந்த மோட்டார் அப்படித்தான். ஆள் பாத்து ஓடும்.

— வேற வழியில்ல, கார்பரேட்டரைக் கழட்டிட வேண்டியதுதான். என்கிட்ட சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கு.

— கையை எடுங்க மாப்ள.

— அஞ்சே நிமிஷம். ஒண்ணுமில்ல, சின்ன...

— கையை எடுங்கன்னேன். நடுத்தண்ணியில நீங்க அதைக் கழட்டி, மாட்டின பிறகு நாலு ஸ்க்ரூ மிச்சம் இருந்தா, அதையும் கண்ணாடிக் கூட்டுக்குள்ள போட்டு வெச்சுக்குவீங்களா?

— நாலுன்னு... உங்களுக்கு யாரு சொன்னது?

— கிலுகிலுன்னு சத்தம் வந்துச்சு, ஒரு குத்துமதிப்பாச் சொன்னேன். கூட்டை எடுங்க.

— மச்சான்...

— நமக்கு அவசரமே இல்ல. மோட்டார் நின்னு கிடக்கு, துடுப்பு வீட்டுல இருக்கு. எடுங்க.

— இந்தாங்க.

— ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இது என்ன, ஸ்பிரிங்கா?

— நூலை இழுத்துப் பிடிக்கிற இடத்துல இருக்கிற ஸ்பிரிங்.

— சொல்லுங்க. இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க, காது மந்தம்.

— மெஷின்ல டக் டக்குனு ஒரு சத்தம் இருந்துச்சு. அவ கடைக்குப் போயிருந்தா. வர்றதுக்குள்ள சரி பண்ணி, அவளை அசத்திடலாம்னு பிரிச்சேன். மாட்டினேன். எல்லாம் மாட்டின பிறகு இது அஞ்சும் பாய் மேல கிடந்துச்சு. எங்க இருந்து வந்ததுன்னே அப்போ தெரியல. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுச்சு. அள்ளிக் கூட்டுக்குள்ள போட்டுட்டேன்.

— அப்புறம்?

— அவ வந்து உக்காந்து மிதிச்சா. நூல் சிக்கி மெஷின் இறுகிப் போச்சு. என்னைப் பாத்தா. நான்... அவசரப்பட்டு மிதிச்சா இப்படித்தான் ஆகும்னு சொல்லிட்டேன்.

— வாயில வந்துடுச்சு.

— வந்துடுச்சு. அப்புறம் எடுக்க முடியல. பள்ளிக்கூடத்துக்கு நாப்பது சீருடை தைக்க ஒத்துக்கிட்டிருந்தா. அத்தனையும் கையால தைச்சா மச்சான். விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. பக்கத்து வீட்டு அக்கா வந்து ஏன் இப்படின்னு கேட்டாங்க. அதுக்கும் நான்தான் பதில் சொன்னேன், இவளுக்கு மெஷினைப் பாத்துப் பக்குவமா ஓட்டத் தெரியலன்னு. அவ ஊசியை நிறுத்திட்டு என்னையே பாத்தா. நாப்பதாவது சட்டையை மடிச்சு வெச்சுட்டுத் துணிமணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா.

— சின்ன விஷயம்.

— இல்ல மச்சான். பெரிய விஷயம்.

— அவளுக்குத் தெரியும் மாப்ள.

— என்ன தெரியும்?

— மெஷினைக் கவுத்துப் பாத்திருக்கா. அடியில நாலு ஓட்டை காலியா இருந்துச்சாம். முதல் நாளே தெரியும்.

— ரெண்டே வார்த்தைதான் சொன்னான்னு சொன்னீங்க.

— என் பொண்டாட்டிகிட்ட ரெண்டு வார்த்தை. என்கிட்ட இன்னிக்குக் காலையில முழுசா.

— அப்ப என்னை ஏன் கேக்கல அவ? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.

— கேட்டுச் சொன்னா என்ன இருக்கு. நீங்களாச் சொல்வீங்கன்னு நாப்பது சட்டை தைக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்திருக்கா.

— தப்புதான். நான்தான் கெடுத்தேன். கெடுத்துட்டு அவ தலையில போட்டேன். பக்கத்து வீட்டு அக்காகிட்டயும் போய்ச் சொல்லிடறேன், நான்தான்னு. மெஷினை நல்ல ஆளுகிட்டக் குடுத்துச் சரி பண்றேன். இனிமே அந்த வீட்டுல ஒரு கதவுத் தாழ்ப்பாளைக்கூடத் தொட மாட்டேன்.

— இதை அவகிட்டயே சொல்லலாமே.

— அதுக்குத்தானே கூட்டை எடுத்துக்கிட்டு வந்தேன். ஆனா எனக்கே தெரியும், அவ முகத்தைப் பாத்தா எனக்கு வாய் எழாது. மறுபடி பழசு கிழசுன்னு எதையாவது உளறிடுவேன். இங்க நீங்க மட்டும் இருக்கீங்க, அதனால வந்துடுச்சு.

— அது சரி. நான் மட்டும்தான் இருக்கேன்.

— வருவாளா மச்சான் என்கூட?

— என்னைக் கேட்டா? அவ முடிவு. நான் படகு ஓட்டறவன்.

— இந்தப் படகு ஓடினாத்தானே. வெயில் மண்டையைப் பொளக்குது. அந்தத் தார்ப்பாயையாவது எடுத்துப் போத்திக்கலாமா? மச்சான், அது அசையுது.

— காத்துல அசையும்.

— கரையில ஒரு இலைகூட ஆடல, காத்து எங்க இருக்கு? பாருங்க, என் பை சரியுது. உள்ள என்னமோ எழுந்திரிக்குது.

— உடையற சாமான்னு சொன்னேன்ல. நல்லவேளை, உடையல போல.

— அண்ணா, கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு, அந்த டேங்க் மூடி ஸ்க்ரூவைத் தொறந்து விட்டுட்டுப் படகைத் துறைக்கே திருப்பு, நான் எங்க வீட்டுக்குப் போகணும். ஏங்க, நீங்க முதல்ல இந்த எழுபது கிலோ முன்பாரத்து மேல இருந்து உங்க பையை எடுங்க.