மூன்று பேருக்கு ஒரு ஜெட்

பழைய ராணுவ ஜெட் ஒன்றின் விலை ஒரு புது டிராக்டரின் விலையில் பாதிகூட இருக்காது. நெப்ராஸ்காவில் டிராக்டர் வைத்திருப்பவனைப் பார்த்து யாரும் வாய் பிளப்பதில்லை. ஜெட் வைத்திருக்கிறேன் என்றால் மட்டும் கோடீஸ்வரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். வாங்குவது பெரிய காரியமில்லை. வைத்துப் பராமரிப்பதுதான் ஆளை விழுங்கும். ஒருமுறை மேலே போய் இறங்குவதற்குள் அது குடித்துத் தீர்க்கும் எரிபொருளை நினைத்தால் தூக்கம் வராது. கட்டுப்படியாக வேண்டுமென்றால் ஒரே வழிதான். கூட்டாளிகள் வேண்டும்.

எனக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். மைலோ ருஷ்கா, அறுவடை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன். பெர்னிஸ் கோட்டாஸ், மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். நானோ ஓய்வு பெறும்வரை சோள வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியவன். எங்கள் ஜெட் செக் நாட்டில் செய்த பயிற்சி விமானம், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. உள்ளே எல்லா எழுத்தும் செக் மொழி. மைலோ வீட்டில் இன்னும் அந்த மொழி பேசுவார்கள். அவன்தான் ஒவ்வொரு விசையையும் எனக்குப் படித்துச் சொன்னான்.

என் மனைவி லோர்னா போய்விட்டாள். சாகவில்லை, கொலராடோவுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வாரத்தில் எனக்கு, நாங்கள் மூவரும் கூடும் சனிக்கிழமை மட்டும்தான் இருந்தது. விமானக் கொட்டகைக் கதவைத் தள்ளிக்கொண்டு "வந்துட்டீங்களா?" என்று கேட்கும்போது தொண்டை கரகரக்கும். வாரம் முழுக்க அதற்கு வேலை இருந்திருக்காது. பெர்னிஸ் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி கொண்டுவருவாள். மைலோ இறக்கைக்கு அடியில் படுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் நக்கலடிப்பான். பாதி நாள் விமானம் கிளம்பவே கிளம்பாது. அதைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. மூவரில் இருவர் சரி என்றால் விமானத்தை விற்றுவிடலாம். ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்ற இருவருக்கும் சமமாகப் போகும். மூன்று பேரும் சிரித்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டோம்.

இந்த வசந்தத்தில் மைலோவின் இதயம் பழுதானது. நடக்கலாம், கொஞ்சம் வேலையும் செய்யலாம், பறக்க மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே மாதம் பெர்னிஸ் அரிசோனாவில் இருக்கும் மகளோடு போய்த் தங்கப்போவதாகச் சொன்னாள். டெக்சாஸ்காரர் ஒருவர் விமானத்தை முழுசாக வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"நீ என்ன சொல்ற மைலோ?" என்று பெர்னிஸ் கேட்டாள்.

மைலோ கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "வித்துடலாம். என்னால பறக்க முடியாது, நீயும் போயிடுவ. இவன் ஒத்தையா இத வச்சிக்கிட்டு என்ன பண்ணுவான்?"

"சனிக்கிழமை என்ன பண்றது?" என்றேன்.

"வீட்டுக்கு வாயேன்டா. சீட்டாடலாம்."

பெர்னிஸ் சிரித்தாள். "இவனுக்குச் சீட்டாடத் தெரியாது. தோத்தா மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவான்."

மைலோவும் சிரித்தான். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். எனக்கு யார்மேலும் கோபமில்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். மூன்று பேர் இருந்தால் இருவர் சேர்ந்து விற்கலாம். இரண்டு பேர்தான் என்றால் என் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. பெர்னிஸைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை.

பெர்னிஸ் வீடு பார்க்க அரிசோனாவுக்குப் போயிருந்தபோது மைலோவைக் கூப்பிட்டேன். "விக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ரவுண்டு. பின்னாடி சும்மா உக்காந்து வா."

"பெர்னிஸுக்குத் தெரிஞ்சா மாட்டுக்குப் போடுற ஊசிய எனக்குப் போட்டுடுவா."

"யார் சொல்லப் போறா?"

அவன் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பழைய தொப்பியைத் தேடி எடுத்து வந்தான். அவனைக் கைபிடித்து ஏற்றி, இடுப்பு வாரையும் தோள் வாரையும் நானே பூட்டினேன். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

நல்ல வெயில். பிளாட் ஆறு கீழே பளபளத்தது. தன் வீட்டைக் காட்டினான், கூரையில் ஓடு பெயர்ந்திருப்பதைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டான். அவன் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

ஜெட்டை ஒருபக்கமாகச் சாய்த்து இறுக்கித் திருப்பினால் உடம்பின் கனம் நாலு மடங்காகும். ரத்தம் காலுக்கு இறங்கும். அதை மேலே ஏற்ற இதயம் படாத பாடு படும். வாலிபச் சிப்பாய்களுக்கே கண் இருட்டும். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. விமானத்துக்கு ஒரு கெடுதலும் வராது.

முதல் சுற்றில் முனகினான். "என்னடா, மருந்து தெளிச்ச ஞாபகமா?" என்றான். இரண்டாவது சுற்றில் பேச்சு இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும்.

காதில் மாட்டும் கருவி இரைந்துகொண்டிருந்தது, அவன் பேசியது கேட்கவில்லை என்று விசாரிக்க வந்த உங்கள் ஆட்களிடம் முதலில் சொன்னேன். அது சரியில்லை. அந்தக் கருவியை மைலோவே பழுதுபார்த்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்கும்.

"எல்டன், போதும்ப்பா. நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது. இறக்கிடு" என்றான்.

"இதோ, இறக்கிடறேன்" என்றேன். எங்கள் ஓடுதளம் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. நான் இன்னொரு சுற்றுத் திருப்பினேன். பிறகு அவன் கூப்பிடவில்லை. இருந்தாலும், நிச்சயமாகத் தெரிய வேண்டுமே என்று இன்னும் ஒன்று.

இறங்கும்போது சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. அவனுக்காகத்தான் அப்படி இறக்கினேன்.

தேவாலயத்தில் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆசைப்பட்டபடியே போய்ச் சேர்ந்தான் என்றார்கள். பெர்னிஸ் மட்டும் என் கையைப் பிடிக்கவில்லை. வாசலில் என்னை நிறுத்தி, "டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். நானும்தானே உங்கூட உக்காந்து கேட்டேன்" என்றாள். அடுத்த வாரமே தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். ஒரு காசு கேட்கவில்லை. பிறகு உங்களிடம் வந்திருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பங்கை நான் கேட்கவே இல்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமைகளில் அவள் வர வேண்டும் என்றுதான் கேட்டேன்.

ஆக, இப்போது அது முழுக்க என்னுடையது. இதைவிட மலிவாக யாருக்கும் ஜெட் கிடைத்திருக்காது. சனிக்கிழமைகளில் போய்க் கொட்டகையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆமாம், மைலோவைக் கொன்றது நான்தான். நாங்கள் மூன்று பேரும் பிரியக்கூடாது என்பதற்காகத்தான் செய்தேன்.

நான் எப்போது வீட்டுக்குப் போகலாம்? இந்தச் சனிக்கிழமை வானம் தெளிவாக இருக்குமாம். உங்களுக்கு வேறு வேலை இல்லையென்றால் வாருங்களேன், மேலே கூட்டிப்போகிறேன்.