எட்டாவது பிரிவுக்குப் பக்கத்தில் ஓர் எறும்பு

மாலை முழுக்கக் கடிகாரத்தைப் பார்க்காமல் அவையை நடத்திவரும் தலைவர் ஐயா அவர்களே, வீட்டுத் தரகர் சங்கத்தின் மூத்தவர்களே, காலையிலிருந்து மாடி மாடியாக ஏறி வீடு காட்டிவிட்டு இங்கே காலை நீட்டக்கூட இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, தண்ணீர் எப்போது வரும், எப்போது வராது என்று மறைக்காமல் சொல்லிவிடும் அக்காமார்களே, தாய்மார்களே, முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் என் சித்தப்பா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

படிவம். அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். காதலைப் பற்றிப் பேசலாம், கடமையைப் பற்றிப் பேசலாம், கட்டடத்தைப் பற்றிக்கூடப் பேசலாம். காகிதத்தைப் பற்றி ஒருத்தி மேடையேறிப் பேசுவாளா? பேசுவாள். சட்டம் மாறிவிட்டது. நம் சங்கத்தின் படிவங்கள் மாறவில்லை. அவற்றை மாற்ற வேண்டும் என்பது நான் முன்மொழியும் தீர்மானம். அது இன்று தோற்றால், முதல் வரிசையில் இருக்கும் அந்த மனிதர் தொழில் உரிமத்தை இழப்பார்.

அவரை உங்களுக்குத் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘சாவிக்கொத்து’ என்றால் எல்லோருக்கும் தெரியும். இடுப்பில் அத்தனை சாவி. தெருவில் அவர் வருவது கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். நீங்களே பேசலாமே என்று நேற்று கேட்டேன்.

“நான் பேசினா கெஞ்சற மாதிரி இருக்கும். நீ பேசு. ஆனா ஒண்ணு, பாவம் மனுஷன்னு மட்டும் சொல்லிடாதே.”

சொல்லவில்லை சித்தப்பா. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. உள்ளே வாடகைக்கு இருந்தவர் ஒரு நர்ஸ். இரவுப் பணி. விடிந்த பிறகு வருவார். கூடத்து ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி இருட்டாக்குவார். மின்விசிறிக்கு நேர் கீழே மெத்தையைப் போட்டுத் தூங்குவார். சித்தப்பா அழைப்பு மணியை அடித்தார். பதில் இல்லை. ஆள் இல்லை என்று நினைத்தார். சாவி இருந்தது. திறந்தார்.

வீடு வாங்க வந்தவர்கள் மூவர். கணவன் வாசல் சுவரைத் தட்டிப் பார்த்தார். மாமியார் நேராகச் சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். மனைவி அளவு நாடாவை இழுத்தபடி கூடத்துக்குள் நுழைந்தார். நர்ஸ் கண்விழித்தபோது முகத்துக்கு மேலே ஒரு மஞ்சள் நாடா. அதன் முனையில் முன்பின் தெரியாத ஒருத்தி.

“யாரு... யாரு நீங்க?”

“வீடு பாக்க வந்தோம்மா,” என்றார் மாமியார், சமையலறையிலிருந்தே. “நீங்க தூங்குங்க. நாங்க சத்தம் போடாம பாத்துக்கறோம்.”

ஆமாம். எனக்கும் சிரிப்பு வந்தது. முதல் முறை கேட்டபோது மட்டும்.

“என் வீட்டுக்குள்ள எப்படி வந்தீங்க?” என்று நர்ஸ் கேட்டார். சித்தப்பா கோபப்படவில்லை. பொறுமையாக, நிஜமாகவே பொறுமையாக, விளக்கினார்.

“நீங்கதானம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உரிமையாளரோ தரகரோ எந்த நேரமும் உள்ளே வரலாம்னு.”

போட்டிருந்தார். நம் சங்கத்தின் வாடகைப் படிவம், எட்டாவது பிரிவு. ஆனால் குடியிருப்பவருக்கு முன்கூட்டி எழுதித் தெரிவிக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. செத்துப்போன பிரிவின் கீழே ஆயிரம் கையெழுத்து வாங்கினாலும் அது எழுந்து நடக்குமா? நர்ஸ் புகார் கொடுத்தார். உரிம அலுவலகத்தில் விசாரணை. நானும் கூடப் போயிருந்தேன். அதிகாரி அதிகம் பேசாத அம்மா.

“சட்டம் மாறினது தெரியுமா உங்களுக்கு?”

“பேப்பர்ல படிச்சேங்க.”

“அப்புறம் ஏன் படிவத்தை மாத்தலை?”

“அது சங்கத்துப் படிவங்க. நான் எப்படிங்க மாத்தறது?”

“நீங்க கதவைத் திறந்தப்போ சங்கம் கூட வந்துச்சா?”

அவையோரே, அதே கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். உங்களில் யாரிடமாவது பதில் இருக்கிறதா? இருந்தால் எழுந்து சொல்லுங்கள். நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

யாரும் எழவில்லை. சரி, தொடர்கிறேன்.

அடுத்த விசாரணைக்குள் படிவத்தை மாற்றிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் உரிமம் ரத்து. இது அதிகாரியின் உத்தரவு. உறுப்பினர்கள் சங்கம் அச்சிட்ட படிவத்தைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது. இது நம் விதி. அவர் மாற்றினால் நாம் நீக்குவோம். மாற்றாவிட்டால் அவர்கள் நீக்குவார்கள். இந்தச் சந்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது யார்?

உங்கள் பைகளில் அந்தப் படிவம் இருக்கும். எடுங்கள். வெட்கப்படாதீர்கள். எட்டாவது பிரிவு. அதற்கு இடப்பக்கம். ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறதா? மை என்று நினைக்காதீர்கள். கண்ணாடி போட்டுப் பாருங்கள். கால்கள் இருக்கின்றன. எறும்பு!

என்றோ ஒரு நாள், நகல் எடுக்கும் இயந்திரத்தின் கண்ணாடியில் அது மாட்டிக்கொண்டது. அந்த நகலுக்கு ஒரு நகல். அதற்கு இன்னொரு நகல். அதைப் பார்த்தே அச்சகத்தில் கட்டுக் கட்டாக அடித்தோம். எறும்பையும் சேர்த்தே அடித்தோம். எத்தனை பேர் அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்! ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. எட்டாவது பிரிவையும் அப்படித்தான் பார்க்கவில்லை. கதவைத் திறந்தது சித்தப்பா. மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படிவம் அவர் பையில் மட்டுமா? உங்கள் பையில். பக்கத்தில் இருப்பவர் பையில். என் பையிலும்.

என்ன அண்ணே, பின்வரிசையில்? “ஒரு வரிதானே, பேனாவால அடிச்சுட்டா முடிஞ்சுது” என்கிறார். ஒரு வரிதானா? அதே தாளில் தந்தி முகவரிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. தந்தி போய் எவ்வளவு காலம்! அதில் கோடு போட்டுக் கோடு போட்டு உங்களுக்குக் கை வலிக்கவில்லையா? குடியிருப்பவரின் தொலைபேசி எண்ணை யார் கேட்டாலும் கொடுக்கலாம் என்று பன்னிரண்டாவது பிரிவு சொல்கிறது. சட்டம் கூடாது என்கிறது. எதை அடிப்பீர்கள், எதை விடுவீர்கள்? அதை நாமே ஊகிக்கக் கூடாது. அதற்குத்தான் ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்கிறேன்.

“அப்ப அச்சடிச்ச கட்டுகளையெல்லாம் என்ன பண்றது? பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு, பிள்ளைங்க கணக்குப் போடட்டும்!” என்று மறுபடியும் அவரே கேட்கிறார். வேண்டாம் அண்ணே. பிள்ளைகள் திருப்பிப் பார்த்து முன்பக்கத்தைப் படித்துவிட்டால், நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? கிழித்துவிடுங்கள்.

போன வாரம் அந்த நர்ஸைப் பார்க்கப் போனேன். புகாரைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்கப் போகவில்லை. அப்படித்தான் என்று அவரும் முதலில் நினைத்தார். கதவைத் திறக்க நேரமானது. உள்ளே ஏதோ இழுபடும் சத்தம். ஒரு நாற்காலி. கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்.

“உங்க சித்தப்பா நல்லவருதான். மன்னிப்புக் கேட்டாரு. தூக்கத்துக்கு மாத்திரை வாங்கிக் குடுக்கட்டுமான்னுகூடக் கேட்டாரு. ஆனா என்னம்மா பண்றது, பூட்டினா பூட்டின மாதிரியே தோண மாட்டேங்குது.”

அவையோரே! நமக்குத் தொழில் சுவரா? தரையா? சதுர அடியா? கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவர் கண்ணை மூடலாம் என்ற நம்பிக்கையைத்தான் நாம் விற்கிறோம். அதை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, படிவத்தின் ஒரு வரியால் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறோம். இது தொழிலா? இது தகுமா?

ஆகவே தீர்மானம். ஆண்டுக்கு ஒரு முறை வழக்கறிஞரை நடுவில் உட்காரவைத்து, சங்கத்தின் ஒவ்வொரு படிவத்தையும் வாய்விட்டுப் படிப்போம். சாவியை யார் வைத்திருப்பது, எப்போது உள்ளே போவது என்ற நம் அலுவலக விதிகளையும்தான். சரிபார்த்த மாதமும் ஆண்டும் ஒவ்வொரு தாளின் அடியிலும் இருக்கும். இடையில் சட்டம் மாறினால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க மாட்டோம். மாறியது அமலுக்கு வரும் நாளில் பழைய கட்டு எந்த மேசையிலும் இருக்காது. முதல் வேலையாக எட்டாவது பிரிவு. நாளையே.

ஏற்கிறவர்கள் கை தூக்குங்கள்.

ஐயா, தூக்கிய கைகளை எண்ணாதீர்கள். தூக்காத கைகளை எண்ணினால் சீக்கிரம் முடியும். பின்வரிசை அண்ணன்கூடத் தூக்கிவிட்டார்!

சித்தப்பா, நீங்கள் ஏன் தூக்கவில்லை?

“என் விஷயம்மா. நானே ஓட்டுப் போட்டா நல்லாருக்காது” என்கிறார்.

இது உங்கள் விஷயம் இல்லை சித்தப்பா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்குகிற ஒருத்தியின் விஷயம். தூக்குங்கள்.

...நன்றி சித்தப்பா.

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. உயர்ந்து நிற்கும் ஒவ்வொரு கைக்கும் என் வணக்கம்.