வயர்லெஸ் செட்டுக்குச் சந்தனம்

வெள்ளகோவில் பஸ்ஸில் குழந்தையை மடியில் வைத்திருந்தேன். முன்சீட்டில் ஒரு கணவன், மனைவி. அவள் வலது கையில் கட்டு.

"பிளக்கைப் புடுங்கி வெச்ச பெட்டி எப்படிங்க ஷாக் அடிக்கும்?"

"பழைய வால்வு வயர்லெஸ் செட்டு அது. கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும். புது பார்ட்ஸ் மாத்தத் தெறந்து வெச்சிருந்தேன். உன்னை யாரு தொடச் சொன்னது?"

"ஆயுத பூஜைக்கு ஊட்டுல இருக்கற மிசினுக்கெல்லாம் சந்தனம் வெக்கச் சொன்னது நீங்கதானுங்க."

"அதுக்கு அதையுமா?"

"பொழுதன்னிக்கும் நீங்க கும்புடறது அதைத்தானுங்க."

அவர் முறைத்தார். அவள் குரலை இறக்கினாள்.

"சந்தனக் கிண்ணத்தோட முதல்ல அதுகிட்ட ஓடுனது நம்ம பாப்பா. கொட்டிருவான்னு நான்தான் வாங்குனேன். இப்ப அவ ஊட்டுல இருக்கா. அந்தச் செட்டு மூடியைப் போட்டுட்டு வந்தீங்களா?"

அவர் போனை எடுத்து வீட்டு நம்பரை அழுத்தினார்.