மேட்டுத்தெருக் குழாய்

இந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள்கூட அதைச் சொல்லுவார்கள். நகராட்சி நூற்றாண்டு மலருக்காக வந்திருக்கிறீர்கள், என் பதவிக்காலத்தில் மறக்க முடியாதது எது என்று கேட்டீர்கள். இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்டதால் சொல்கிறேன்.

எங்களுடையது வலங்கைமான் பக்கம் நிலமுள்ள குடும்பம். அண்ணன் பஞ்சநதம் வயலைப் பார்த்துக்கொண்டார், நான் கட்சிக்குப் போனேன். சுவரில் எழுதினேன், கொடி கட்டினேன், இந்தி எதிர்ப்பில் இரண்டு மாதம் திருச்சி ஜெயிலில் இருந்தேன். அறுபத்தேழில் ஆட்சி வந்தது. அடுத்த நகராட்சித் தேர்தலில் நான் சேர்மன் ஆனேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஆற்றுப்படுகையில் கிணறு வெட்டி ஊர் முழுக்கக் குழாய் போட்டேன். பெண்கள் பள்ளிக்கூடம், பிரசவ ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு எல்லாம் அந்தப் பதவிக்காலத்தில் வந்தவைதான்.

ஊரின் தென்கோடியில் மேட்டுத்தெரு. அறுபது வீடுகள். எல்லாரும் விவசாயக் கூலிகள். அவர்களுக்குக் குழாய் வேண்டாம் என்று மன்றத்தில் பேசினவர்கள் உண்டு. நான் விடவில்லை. திறப்பு விழாவன்று காளியம்மாள் செம்பில் பிடித்துக் கொடுத்த தண்ணீரை அங்கேயே நின்று குடித்தேன். மேடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இருக்கிற ஆள் இல்லை நான்.

காளியம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவள். பிறகு செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து, அந்தத் தெருவுக்கே தலைவி ஆனாள். எழுபத்திரண்டு மாசியில் அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதாரர்கள் முடியாது என்றார்கள். மேட்டுத்தெருவில் ஒருவரும் அரிவாளை எடுக்கவில்லை.

மன்றத்தில் இருபத்துநான்கு உறுப்பினர்கள். பதினைந்து பேர் நிலம் வைத்திருந்தவர்கள். அண்ணன் ஒருநாள் என் அறைக்கு வந்தார்.

"தம்பி, நீ குடுத்த தண்ணியக் குடிச்சுட்டுத்தான் நம்ம வயல்ல எறங்க மாட்டேங்குறாங்க. இப்படியே போனா உன் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரும். என்னால தடுக்க முடியாது."

அவர் மேல் பழி போடவில்லை. குழாயை மூடச் சொல்லி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான்தான் யோசித்தேன். நான் பதவியிலிருந்து போனால் பள்ளிக்கூடம் பாதியில் நிற்கும், பஸ் ஸ்டாண்டு நிற்கும். அறுபது வீட்டுக்காக ஆறாயிரம் வீட்டை விட முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

குழாய் ஃபிட்டர் மீரா உசேனைக் கூப்பிட்டு, மேட்டுத்தெரு வால்வை மூடிவிட்டு வரச் சொன்னேன். அவர் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"சேர்மன் ஐயா, அங்க கைக்குழந்தைங்க இருக்கு. என்னால ஆகாது. எனக்கு லீவு குடுத்துடுங்க."

கொடுத்தேன். நல்ல மனிதர், அவரைக் கட்டாயப்படுத்த மனம் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே போய் மூடினேன். வால்வு துருப்பிடித்து இறுக்கமாக இருந்தது. உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. 'குழாய் பழுது' என்று ஒரு பலகை எழுதி மாட்டச் சொன்னேன்.

மேட்டூர் அணை மூடிய நேரம் அது. வாய்க்காலில் ஓட்டம் இல்லை, குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. மாடும் அதில்தான் இறங்கும். பக்கத்தில் இருந்தது அண்ணனுடைய பம்புசெட்டுக் கிணறு. அங்கே காவலுக்கு ஆள் போட்டிருந்தார்கள். ஊருக்குள் இருந்த குழாய்களில் அவர்களுடைய குடத்தை யாரும் வைக்க விடமாட்டார்கள். அது என் உத்தரவு இல்லை, ஊர் அப்படி.

செவ்வாய்க்கிழமை காளியம்மாள் ஆபீசுக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"கொழாய எப்பத் திறப்பீங்க, தலைவரே?"

"நாளைக்கு எல்லாரும் வயல்ல எறங்குங்க. நாளைக்கே தண்ணி வரும்."

"பழுதுன்னு பலகையில போட்டிருக்கு?"

நான் மேஜைமேல் இருந்த கோப்பை எடுத்துப் பிரித்தேன்.

"வாய்க்கால் தண்ணியத்தான் புள்ளைங்க குடிக்குதுங்க. வேலைக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?"

கோபமே இல்லாமல் கேட்டாள். முதலில் எல்லாரையும் வயலில் இறங்கச் சொல் என்றேன். போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சானிட்டரி இன்ஸ்பெக்டர் இராஜாங்கம் வந்து கதவைச் சாத்தினார். மேட்டுத்தெருவில் ஒன்பது பேருக்கு வாந்தியும் பேதியும் என்றார். காலராதான், சந்தேகமே இல்லை என்றார். குழாயைத் திறந்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டு, மேலே தகவல் கொடுக்க வேண்டும் என்றார். காலரா என்று எழுதினால் மாசி மகத்துக் கூட்டத்தை நிறுத்திவிடுவார்கள், கடைக்காரர்கள் பாவம் என்று எடுத்துச் சொன்னேன். அவர் வயிற்றுப்போக்கு என்று எழுதினார். குடும்பஸ்தர், நான் சொன்னது புரிந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளில் நான்கு பேர் போனார்கள். அம்சம் என்று ஒரு பெண்ணுடைய இரண்டு பிள்ளைகளும் அதில் சேர்த்தி. அவள் புருஷன் துரைராசு இரண்டையும் இரண்டு தோளில் போட்டுக்கொண்டு பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தானாம். பிரசவத்துக்கு மட்டும்தான் பார்ப்பார்கள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்களாம். விதி அப்படித்தான். நான் கட்டின ஆஸ்பத்திரி என்று நம்பி வந்திருக்கிறான்.

மொத்தம் பதினொரு பேர். விசாரணை எதுவும் நடக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு என்று பதில் போயிற்று. எண்பத்தாறில் மறுபடியும் நின்றேன், ஜெயித்தேன். மேட்டுத்தெருவிலும் எனக்கு ஓட்டு விழுந்தது. தெருவுக்கு இப்போது ரெங்கசாமி நகர் என்று என் பெயர். வைத்தது நான் இல்லை, மன்றம் வைத்தது.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். இதை மலரில் போட மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் கேட்டுவிடுங்கள்.

கூலிப் போராட்டம் அந்தத் திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. நெல் வயலில் உதிர ஆரம்பித்திருந்தது. அண்ணனே முதலில் இறங்கிவந்து அரை மரக்கால் கூட்டிக் கொடுத்தார். தீர்மானம் என்ற பேச்சும் அன்றோடு போயிற்று. உடம்புக்கு முடிந்தவர்கள் மறுநாளே வயலில் இறங்கினார்கள். நான் வால்வைத் திறந்தது வியாழக்கிழமை. பதினொரு பேரில் ஏழு பேர் இடையில் இருந்த அந்த மூன்று நாளில் செத்தவர்கள். காளியம்மாள் புதன்கிழமை காலையில்.

ஏன் திறக்கவில்லை என்றுதானே பார்க்கிறீர்கள்? அண்ணனை ஜெயித்துவிட்டார்கள். ஆனால் குழாய் அண்ணன் கொடுத்தது இல்லை, நான் கொடுத்தது. என்னிடம் ஒரு வார்த்தை வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். அந்த மூன்று நாளும் வெளி வேலை ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், அறைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆபீசிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. யாராவது ஒருத்தர் வந்து கேட்டிருந்தால் அந்த நிமிஷமே திறந்துவிட்டிருப்பேன். கேட்டு இல்லை என்று சொல்கிறவன் இல்லை நான்.