மருமகன் எதிரில் கேட்ட கேள்வி

என் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதிக் கொடுத்தபடியே. வயது முப்பத்தாறு. மருத்துவமனை அவசரப் பிரிவின் பதிவு மேசையில் ஒன்பது வருடமாக நர்ஸாக வேலை பார்த்து வருகிறேன். இறந்துபோன நோயாளியான அந்த அம்மாவை அன்றைக்கு முன் நான் பார்த்ததில்லை.

சம்பவத்தன்று காலை பத்தரை மணிக்கு, ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்த அம்மாவை அவருடைய மருமகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். மகள் பிரசவமாகி வீட்டில் இருப்பதால் தான் வந்ததாகச் சொன்னார். என்ன செய்கிறது என்று நான் கேட்க, அந்த அம்மா மருமகனைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, அசதி" என்றார். அதன் பிறகு நான் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "ரத்தம் கித்தம் போகுதா?" என்று கேட்டேன். அவர் குனிந்தபடியே இல்லை என்று தலையாட்டினார். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

அதன் பிறகு ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டை சுற்றியபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "தனியா ஒரு வார்த்தை சொல்லணும்மா" என்றார். அவர் கை சில்லென்று இருந்தது. "ரகசியம் பேச இது உங்க வீடா? வாயத் தொறந்து சொல்லுங்க" என்றேன். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் என் மணிக்கட்டை விட்டுவிட்டார். அழுத்தம் குறைவாக இருந்ததற்கு, சாப்பிடாததுதான் காரணம் என்று நானே எழுதிக்கொண்டேன்.

மேசைக்குப் பின்னால் திரை போட்ட அறை அப்போது காலியாகத்தான் இருந்தது. கூச்சப்படுகிறவர்களை உறவினர் இல்லாமல் விசாரிக்க வேண்டும் என்று இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். போய்க் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

நான் எழுதியதைப் பார்த்து டாக்டர் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். பன்னிரண்டரை மணிக்கு அந்த அம்மா பெஞ்சிலிருந்து சரிந்தார். தூக்கியபோதுதான், உடுப்புக்குள் அவர் மடித்து வைத்திருந்த இரண்டு துண்டுகளும் ரத்தத்தில் நனைந்திருந்தது தெரிந்தது. கர்ப்பப்பையிலிருந்து பல நாளாகப் போயிருப்பதாக டாக்டர் சொன்னார். மூன்று மணிக்கு இறந்தார்.

அதன் பிறகு நடந்த மருத்துவமனை விசாரணையில், நோயாளி தகவலை மறைத்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய். அவர் சொல்ல வந்தார், நான்தான் சொல்லவிடவில்லை.

உடலை வாங்க வந்த மருமகன் என்னைத் திட்டவில்லை. "நான் நின்னதாலதான் சொல்லலையா சிஸ்டர்? வெளிய போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பேனே" என்றார். "தெரியலைங்க" என்றேன். தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன்.

இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)