வெள்ளை அல்லாதவை

அழைப்பு மணி அடித்தபோது நான் கடைசிக் கைத்துணியை மடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கு வரவேண்டிய விருந்தாளிகள் பன்னிரண்டுக்கே வாசலில் வந்து நின்றால் மேசை அலங்கரிப்பவளுக்குக் கை உதறும். எனக்கு உதறவில்லை. முப்பது வருஷத் தொழில். மடிப்பைச் சரியாக முடித்து, தட்டின்மேல் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

மெதுவாகவே சொல்கிறேன் மேடம், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மேசையில் அந்தச் சிவப்பு மை டப்பா மட்டும் கண்ணை உறுத்துகிறது. சற்று நகர்த்தி வைத்தால் பேசுவதற்கு வசதியாக இருக்கும். நன்றி.

ஹோட்டலோ மண்டபமோ வீடோ, எங்கே விருந்து நடந்தாலும் சாப்பாட்டு மேசையை அலங்கரித்துக் கொடுப்பது என் வேலை. சமையல் வேறு ஆள். துணி, பூ, மெழுகுவத்தி, தட்டு, டம்ளர் எல்லாம் நான். அன்று என் தங்கை வீட்டில் ஆண்டுக் கடைசி விருந்து. பனிக்கால மேசை வேண்டும், எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

கேட்பதற்கு இது சுலபமாக இருக்கும். வெள்ளைமேல் வெள்ளை வைப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். பால் வெள்ளை, எலும்பு வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, நீலம் தோய்த்த வெள்ளை. ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் ஏதாவது ஒன்று அழுக்காகத் தெரியும். அதனால் துணியை மங்கலாகவும் தட்டைப் பளிச்சென்றும் எடுக்க வேண்டும். துணியை மேசைமேல் விரித்தபிறகுதான் இஸ்திரி போட வேண்டும். காய்ந்த கிளைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து நடுவில் படுக்க வைக்க வேண்டும். மெழுகுவத்தி கண் மட்டத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும். எதிரில் உட்காருகிறவர் முகம் எதற்காகவும் மறையக்கூடாது.

எல்லாம் முடிந்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கும். கையில் ஒரு தட்டோடு மேசையை ஒருமுறை சுற்றி வருவேன். வெள்ளை அல்லாத எல்லாவற்றையும் பொறுக்கி அதில் போடுவேன். சாவி, போன், மூக்குக்கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை, யாரோ வைத்துவிட்டுப் போன சீப்பு. அந்தத் தட்டை வாசல் கதவுக்குப் பக்கத்தில் முக்காலியில் வைத்துவிடுவேன். என்னை வேலைக்குக் கூப்பிடுகிற எல்லோருக்கும் இது தெரியும். பொருள் காணவில்லையா, முக்காலியைப் பார். முப்பது வருஷத்தில் ஒரு ஊசிகூடத் தொலைந்ததில்லை.

என் தங்கை இதை வைத்து எல்லோரிடமும் கேலி பேசுவாள். அவளை நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம். "கலர் சட்டை போட்டுக்கிட்டு மேசைப் பக்கம் போகாதீங்க. எங்க அக்கா உங்களையும் தூக்கித் தட்டுல வச்சிடுவா" என்பாள்.

குட்டிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். மூச்சு முட்டினால் முதுகைத் தேய்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. மருந்து இல்லாமல் அவள் எத்தனை நிமிஷம் தாங்குவாள், உதட்டின் நிறம் எப்போது மாறும் என்பது எந்த டாக்டரைவிடவும் எனக்குத் தெரியும். பெரியவளானபிறகு இன்ஹேலர் வந்தது. நீல நிறம். சாப்பிட உட்கார்ந்தால் ஸ்பூனுக்குப் பக்கத்தில் அதையும் வைத்துக்கொள்வாள். கைப்பையில் இன்னொன்று இருக்கும்.

நீங்கள் காரணம் கேட்டீர்கள். காரணம் சிட்டு.

சிட்டு என் மகள். அவளுக்கு மூன்று வயது ஆகும்போது என் வீட்டுக்காரர் இறந்துபோனார். எனக்கு ஹோட்டலில் வேலை. போகும் நேரம் தெரியும், வரும் நேரம் தெரியாது. குட்டிக்குக் குழந்தை இல்லை. "ரெண்டே வருஷம்க்கா. நீ காலூன்றிக்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் அம்மா பெயர் இருக்கும் இடத்தில் அவள் பெயரை எழுதினாள். தினமும் கூட்டிப்போய் விடுகிறவள் பெயர் இருந்தால் வசதி என்றாள். குழந்தை அவளை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியது. என்னைப் பெரியம்மா என்றது. திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். "இப்ப வேணாம்க்கா, குழம்பிடுவா" என்றாள் குட்டி.

பதினெட்டு ஆகட்டும், சொல்லிவிடலாம் என்றாள். பதினெட்டு ஆனதும் படிப்பு முடியட்டும் என்றாள். படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்கட்டும் என்றாள். இடையில் குட்டியின் வீட்டுக்காரரும் போய்விட்டார். துக்க வீட்டில் அதை எப்படிப் பேசுவது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சிட்டுவுக்கு மேசை அலங்கரித்துக் கொடுத்தேன். கேக் வெட்டும்போது நான் சமையலறையில் நின்று பார்ப்பேன். முதல் துண்டை யார் வாயில் ஊட்டுவாள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் நின்று பார்த்தேன்.

போன வருஷம் சிட்டுவுக்குக் கல்யாணம் முடிவானது. ஆண்டுக் கடைசி விருந்துக்கு மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வருவதாக ஏற்பாடு. ஒரு வாரம் முன்பு குட்டி போன் செய்தாள்.

"ஆறு தட்டு போடுக்கா."

"ஆறாவது யாருக்கு?"

"உனக்குத்தான், வேற யாருக்கு. இந்த வாட்டி அடுப்படியில நின்னே தின்னுட்டுப் போற கதையெல்லாம் வேணாம்." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சம்பந்திங்க முன்னாடி நீயா எதையும் பேசிடாதக்கா. என்ன? நீ சும்மா உக்காரு, போதும்."

சரி என்றேன். கல்யாணம் ஆகட்டும், பேரப்பிள்ளை பிறக்கட்டும் என்று இது இன்னும் நீளும் என்பது அப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது.

இன்னொன்றும் சொன்னாள். "பேர் அட்டை இந்த வருஷம் நான்தான் எழுதுவேன். நீ எழுதாத." யார் எங்கே உட்கார வேண்டும் என்று தட்டுக்கு முன்னால் சின்ன அட்டையில் எழுதி வைப்போமே, அதைச் சொல்கிறேன். எப்போதும் அதை எழுதுவது நான். அதையும் எடுத்துக்கொண்டாளா என்று நினைத்தேன். எழுதி ஒரு வெள்ளை உறையில் போட்டு ஒட்டி, சமையலறை இழுப்பறையில் வைத்திருந்தாள். எல்லோரும் வந்தபிறகு தானே எடுத்து வைப்பதாகச் சொன்னாள்.

அன்று காலை எட்டு மணிக்குப் போனேன். வழக்கமாகக் குட்டி வீட்டு மேசைக்குப் பனி போல் தூவ வெள்ளைக் காகிதத்தைத்தான் பொடிப்பொடியாக நறுக்கி எடுத்துப்போவேன். செயற்கைப் பனிப்பொடி என்று கடையில் ஒன்று கிடைக்கிறது. மாவைவிட மெல்லியது, மூச்சு விட்டாலே பறக்கும். அது குட்டிக்கு ஆகாது. அன்று அந்தப் பொடியை எடுத்துப்போனேன். கிளைகள்மேலும் நடுத்துணியிலும் தூவினேன். அவளுடைய தட்டைச் சுற்றிக் கொஞ்சம் கூடுதலாக. பார்க்க நிஜப் பனி போலவே இருந்தது. காகிதத்தில் அந்த அழகு வராது.

பிறகு தட்டோடு ஒரு சுற்று வந்தேன். ஸ்பூனுக்குப் பக்கத்தில் நீல இன்ஹேலர் இருந்தது, எடுத்தேன். நாற்காலியில் அவளுடைய கைப்பை தொங்கியது. பழுப்பு நிறம். அதையும் எடுத்தேன். தட்டு என் வேனுக்குப் போனது. முக்காலியில் விருந்தாளிகள் குளிருக்குப் போட்டுவந்த கோட்டுகள் குவிந்திருந்தன, இடமில்லை.

இல்லை. கோட்டுகள் பிறகுதான் வந்தன. அதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். முக்காலி காலியாகத்தான் இருந்தது. வேனைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டு வந்து கடைசித் துணியை மடித்தேன். அப்போதுதான் மணி அடித்தது.

சம்பந்தி அம்மா மேசையைப் பார்த்து, "தொட்டாக் கரைஞ்சிடும் போல இருக்கே" என்றார். குட்டிக்கு ஒரே பெருமை. "எங்க அக்கா கை" என்றாள். சிட்டு வந்ததிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். மேசை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

குட்டி தன் இடத்துக்குப் போய் நாற்காலியை இழுத்தாள். துணி லேசாக அசைந்தது. முதலில் ஒரு இருமல். பிறகு மூன்று நான்கு. கை தானாக ஸ்பூன் பக்கம் போனது. அங்கே இல்லை. என்னைப் பார்த்தாள். பயமில்லாத பார்வை அது. எழுந்து நேராக வாசலுக்குப் போனாள். முக்காலியில் இருந்த கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டாள். தட்டு அங்கேதான் இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை.

"அக்கா, தட்டு" என்றாள். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

"இரு, பாக்கிறேன்" என்றேன். சமையலறைக்குப் போய் இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடினேன். சிட்டு படுக்கையறையில் தேடினாள். அலமாரி, தலையணை, கட்டிலுக்கு அடி, எல்லாம் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். மாப்பிள்ளை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். பத்தொன்பது நிமிஷத்தில் வந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கம்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை மேடம். அந்த ஒரு வேளை மேசையைவிட்டு எழுந்து போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவள் எழுந்துபோனால் அம்மா உட்காரும் நாற்காலி காலியாகும். யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்துதானே ஆகவேண்டும். சம்பந்திகள் முன்னால் ஒரு முறை நான் அதில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டேன். எத்தனை நிமிஷம் தாங்குவாள் என்று எனக்குத் தெரியும் என்று முன்பு சொன்னேன், இல்லையா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு நிமிஷம்.

அவளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போனபிறகு வீட்டில் நான் மட்டும் இருந்தேன். மெழுகுவத்திகளை அணைத்தேன். வேனிலிருந்து கைப்பையைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன். இன்ஹேலரை அதற்குப் பக்கத்தில் உருட்டிவிட்டேன். பொடியை ஈரத்துணியால் துடைத்து எடுத்தேன். வெள்ளைத் துணியில் அவள் விரல் பட்டுக் கசங்கிய இடம் ஒன்று இருந்தது. அதை மட்டும் கைவிரலால் நீவிவிட்டேன், போகவில்லை. பிறகு அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். எதிரில் யாரும் இல்லை.

டாக்டர் இழுப்பு என்றே எழுதினார். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வாரம் எல்லோருக்கும் நான்தான் சமைத்துப் போட்டேன். சிட்டு சாப்பிடாமல் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டேன். அந்த மூன்று வாரம் எனக்குப் போதும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

நேற்று சிட்டு சமையலறையைச் சுத்தம் செய்தாள். இழுப்பறையில் அந்த வெள்ளை உறை அப்படியே இருந்தது. கொண்டுவந்து என் முன்னால் பிரித்தாள். ஆறு அட்டைகள், குட்டியின் சாய்ந்த கையெழுத்து. நான்கை ஒதுக்கிவிட்டு இரண்டை என் பக்கம் தள்ளினாள். ஒன்றில் "மணப்பெண்ணின் சித்தி" என்றிருந்தது. அது குட்டி தனக்கு எழுதிக்கொண்டது. இன்னொன்றில் "மணப்பெண்ணின் அம்மா" என்றிருந்தது.

"போன மாசமே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க" என்றாள். "ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு பண்ணினோம், எல்லாரும் உக்காந்தப்புறம் இதை உங்க முன்னாடி வைக்கிறதுன்னு. நீங்க முந்திக்கிட்டா அந்தச் சந்தோஷம் போயிடும்னு பயந்தாங்க. அதான் எதையும் பேசாதன்னு சொன்னாங்க."

எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. அட்டை மேசை விளிம்பில் கோணலாக இருந்தது, நேராக வைத்தேன். சிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் அந்தப் பழுப்புக் கைப்பையை எடுத்துவந்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். கட்டிலுக்கு அடியில் அன்று அவள் கையை விட்டுத் துழாவிவிட்டு வெறுங்கையோடு வந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அவள் குரல் உயரவில்லை. இருபத்துமூன்று வருஷம் நான் காத்திருந்த வார்த்தையைச் சொல்லித்தான் கேட்டாள்.

"அம்மா, அன்னைக்குத் தட்டை எங்க வச்சீங்க?"