எந்தப் பெட்டி

கோழிக்கு வெப்பமானி பார்க்கத் தெரியாது, ஐயா. அதனாலேயே அதற்கு வேலை சுலபம். ஏறி உட்காரும், கண்ணை மூடும், குஞ்சு பொரிந்துவிடும். முட்டையை மிஷினில் வைக்கிற மனுஷனுக்குத்தான் சோறும் இறங்காது, தூக்கமும் வராது. முதல் தடவை வைக்கிறவன் பாதிக் கோழி ஆகிவிடுவான். நான் முக்கால்வாசி ஆகியிருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் தெருவில் இறங்கிக் குப்பையைக் கிளறியிருப்பேன்.

போன வாரம் நீங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தீர்கள். ‘பெரியவர் குழம்பிப்போய்விட்டார், தவறுதலாக நடந்துவிட்டது’ என்று எழுதிக்கொண்டு, என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. அதைத் திருத்தச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். அவசரமில்லை, டீயைக் குடித்துவிட்டே எழுதுங்கள்.

நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஊரார் சாப்பாட்டையெல்லாம் குளிர வைத்தே காலம் போயிற்று. கடைசியில் சூடு காக்கிற உத்தியோகம் வந்து வாய்த்தது. முட்டை மிஷினை வாங்கி வந்தவன் என் மகன். அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அப்பா சோர்ந்துபோவார் என்று அவனுக்குக் கவலை. அவன் அம்மா, அதாவது என் மனைவி, படுத்த படுக்கை. நுரையீரல் கைவிட்டது, பின்னாலேயே இடுப்பும் கைவிட்டது. கட்டில் தலைமாட்டில் ஆக்ஸிஜன் மிஷின், அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடுகிற லைன் அந்த அறையில் மட்டும்தான் இருந்தது. அதனால் முட்டை மிஷினையும் அங்கேயே, எதிர்ச் சுவரோரம் வைத்தேன்.

அவள்தான் இரண்டுக்கும் பெட்டி என்று பெயர் வைத்தாள். முதலில் என் பெட்டி, உங்கள் பெட்டி என்றாள். பிறகு அதையும் சுருக்கி வெறும் பெட்டி ஆக்கிவிட்டாள். மூச்சு வாங்குகிறவளுக்கு வார்த்தை செலவு.

“ஏங்க, பெட்டி கத்துது.”

“எந்தப் பெட்டி?”

“என்னோடது கத்துனா நான் எப்படிங்க இவ்வளவு தெளிவா உங்களைக் கூப்பிடுவேன்? உங்க கோழிப் பெட்டிதான். ஈரம் குறைஞ்சிருக்கும், போய்த் தண்ணி ஊத்துங்க.”

முட்டையை ஒரே பக்கமாகப் போட்டு வைக்கக் கூடாது, ஐயா. உள்ளே இருப்பது ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். காலை, மதியம், சாயங்காலம் என்று திருப்பிவிட வேண்டும். அவளையும் அப்படித்தான், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு வேலையையும் முடித்துவிடுவேன்.

“என்னைப் புரட்டும்போது மூஞ்சி முழம் நீளுது. முட்டையைப் புரட்டும்போது மட்டும் பாட்டு வருதோ?”

“முட்டை குறை சொல்றதில்லையே.”

“சொல்லும், சொல்லும். வெளிய வரட்டும், அப்புறம் பாருங்க.”

நன்றாகப் பேசுவாள். பேச்சில் என்னால் அவளை ஜெயிக்க முடிந்ததே இல்லை. ஒருநாள் ஜன்னலை மூடி அறையை இருட்டாக்கி, ஒரு முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினேன். சிவப்பு நூல் நூலாக நரம்பு ஓடியது, நடுவில் ஒரு புள்ளி துடித்தது. “அட, உசுரு இருக்குங்க” என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எங்களுக்குள் சண்டை சச்சரவு என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி ஒன்றும் கிடையாது.

அந்த வாரம்தான் டாக்டர் வந்து பார்த்தார். வாசல்வரை வந்து என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: “கவலைப்படாதீங்க. இப்படியே கவனிச்சுக்கிட்டா இன்னும் பல வருஷம் இருப்பாங்க.” நான் கவலைப்பட ஆரம்பித்தது அப்போதுதான்.

யோசித்துப் பாருங்கள், ஐயா. முட்டையைக் கவனித்தால் அது வேறொன்றாக ஆகிறது. அவளைக் கவனித்தால் அவள் அப்படியே இருக்கிறாள். இரண்டும் ஒரே உழைப்புதான். ஒரு மெக்கானிக் கண்ணில் படாமல் போகுமா?

பொரிக்கிற நாள் நெருங்கும்போது முட்டையைத் திருப்பக் கூடாது, மூடியைத் திறக்கவும் கூடாது. அந்த நாட்களில் அவளையும் நான் அவ்வளவாகத் திருப்பவில்லை. பழக்கதோஷம்.  ஒருமுறை மட்டும், “நான் என்ன, பொரிக்கப் போறேனா?” என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

அன்றைக்குக் காலையில் மகன் வேலையிடத்திலிருந்து போன் செய்தான். “அப்பா, மத்தியானம் கரண்ட் எடுக்கிறாங்களாம். பெட்டியை பேட்டரில போட்டுடுங்க.” பெட்டியை என்றான். அந்த ஒரு வார்த்தையைத்தான் இப்போது பிடித்துக்கொண்டு சாகிறான். ‘அம்மா மிஷின்னு சொல்லாம பெட்டின்னு சொல்லித் தொலைச்சேனேப்பா’ என்று சுவரில் முட்டிக்கொள்கிறான். தட்டை வைத்தால் வைத்தபடி இருக்கிறது. என் பிள்ளை பட்டினி கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எது எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியும். ஒயரை முகர்ந்து பார்த்தே எந்த மிஷின் என்று சொல்கிறவன் நான்.

பேட்டரி பழசு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் நின்றுபோகும், ஒன்றைத்தான் தாங்கும். கரண்ட் போகும்போது முட்டைக்குள்ளிருந்து சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஓட்டை உடைப்பதற்கு முன்னாலேயே குஞ்சு உள்ளிருந்து கூப்பிடும், ஐயா. நீங்கள் கேட்டதில்லையே? கேட்டால் விடமாட்டீர்கள். ஒரு முட்டையில் மூக்கு நுனி அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

நான் பேட்டரியில் முட்டை மிஷினை மாட்டினேன்.

அவள் “பெட்டி” என்றாள். எந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை. அவள் மறுபடியும் “பெட்டி, பெட்டி” என்றாள். இதுவரைக்கும் உங்களிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அப்படிச் சொன்னபோது அவள் விரலால் காட்டினாள். தலைக்கு மேலே கையைத் தூக்கி, தன் மிஷினைத் தெளிவாகக் காட்டினாள். கண்ணும் என்மேலேயே இருந்தது. குழம்புவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினேன். விரல் சில்லென்று இருந்தது. அதை மடக்கி, கம்பளியைப் போர்த்தி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினேன். நன்றாகச் செருகினேன். கரண்ட் இல்லாத நேரத்தில் முட்டை மிஷினுக்கும் கம்பளி போர்த்தினால் போதும், சில மணி நேரம் சூடு தாங்கும் என்று கூடவே வந்த காகிதத்தில் போட்டிருக்கிறது. படித்திருந்தேன். ஆனால் வீட்டில் கம்பளி ஒன்றுதான். அதை அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

மகனுக்குப் போன் செய்தேனா என்று கேட்டீர்கள். செய்தேன், கரண்ட் வந்த பிறகு.

முக்காலியை இழுத்துப் போட்டு மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். குஞ்சு சட்டென்று வந்துவிடாது. கொஞ்சம் உடைக்கும், களைத்துப் படுக்கும், மறுபடியும் உடைக்கும். பாவம், மூச்சு வாங்கும். நடுவில் நாம் கை வைத்து உதவக் கூடாது. பின்னால் கட்டில் கொஞ்சம் ஆடியது, அப்புறம் நின்றது. முதல் குஞ்சு நனைந்த பஞ்சு மாதிரி வெளியே வந்து விழுந்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த வயசில் அழுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

அவ்வளவுதான், ஐயா. நான் செய்ததை நான் செய்ததாகவே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளைத் தனியாக விட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது அபாண்டம். கடைசி வரைக்கும் அந்த அறையில் அவளோடுதான் இருந்தேன். முகம் மட்டும்தான் அந்தப் பக்கம் பார்த்து இருந்தது.